வாயைக் கட்டினால் வாதம் போகும்

எங்கள் குறுக்குத் தெருவில் யாருக்கு முழங்கால் வலித்தாலும், யாருக்கு இடுப்புப் பிடித்தாலும், செய்தி முதலில் போவது சாச்சி வீட்டுக்குத்தான். டொக்டரெல்லாம் அதற்குப் பிறகு. சாச்சி என்றால் சின்னம்மா, ஆனால் எனக்குச் சொந்தச் சாச்சி இல்லை. மதிலுக்கு அங்கால் இருந்தவர், உம்மாவின் கூட்டாளி. தெரு முழுக்கச் சாச்சி என்றது, நானும் சாச்சி என்றேன். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மரியாதை அந்தக் காரணம் இல்லை.

அவர் வைத்தியம் பார்க்கும் முறை இப்படி. குசினி வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் கதிரை. கைகள் இரண்டும் முக்காட்டு முனைக்குள். வருகிறவள் நொண்டிக்கொண்டு கேட்டைத் திறக்கும்போதே கேள்வி பாயும்.

“நேத்து என்ன கறி?”

கத்தரிக்காய் என்றால் தீர்ப்பு உடனே. இறால் என்றாலும் உடனே. மாட்டிறைச்சி என்றால் சொல்லவே வேண்டாம், வந்தவள் தானாகவே தலையைக் குனிந்துகொள்வாள். ஒருமுறை பின்தெரு மீன்காரரின் பெண்சாதி, கடலுக்குப் போக முடியாத காலம், வெறும் சோறும் சம்பலும்தான் தின்றதாகச் சொன்னாள். சாச்சி இன்றைக்கு மாட்டிக்கொண்டார் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சாச்சி கண் இமைக்கவில்லை.

“சம்பலுக்குத் தக்காளி போட்டியா?”

“ஓம் சாச்சி, பாதித் தக்காளி.”

“அப்ப பிறகென்னகா?”

வாயைக் கட்டினால் வாதம் போகும் என்பதுதான் அவருடைய வேதவாக்கு. அதற்கு அடுத்தது குளிர். தலைக்குத் தண்ணீர் வார்த்துவிட்டு ஃபேனுக்குக் கீழே இருந்தவளிடம், “வாதம் வராம வேற என்ன வரும், மாப்பிள்ளையா வரும்?” என்று கேட்பார். பிள்ளைகள் விரலில் சொடக்கு எடுத்தால் அவருக்குப் பொறுக்காது. “எடு, எடு, நாளைக்குக் கரண்டி பிடிக்க ஏலாமப் போனா ஆரு தீத்திவிடுற?” என்பார். தெருவில் ஒரு பிள்ளை அவருக்கு முன்னால் சொடக்கு எடுக்காது. மூட்டு வருத்தம் கிழடுகளுக்குத்தான் வரும், இளசுகளுக்கு வந்தால் அது வருத்தம் இல்லை, வாய்க்கொழுப்பு என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் தெரு நம்பியதற்குச் சாச்சியே அத்தாட்சி. ஐம்பதைக் கடந்தும் விறுவிறு என்று நடப்பார். தொழுகைக்குக் கதிரை கேட்க மாட்டார். அவருடைய வயதில் பாதிப் பெண்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்புகிறபோது, சாச்சி மட்டும் நிமிர்ந்து நிற்பார். “கத்தரிக்காய் தொடாத மனிசி, பாருங்க எப்பிடி இரிக்காவெண்டு” என்று என் உம்மா எனக்குப் படிப்பிப்பார். வெளியில் இறங்கினால் அபாயாவுக்கு மேல் கறுப்புக் கையுறை. அதை நாங்கள் மார்க்கப் பேணுதல் என்றே எடுத்துக்கொண்டோம். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் ஏறாவூருக்குப் போவார், தங்கச்சியைப் பார்க்க. தங்கச்சி மேல் இவ்வளவு பாசமா என்று நான் அதிசயித்திருக்கிறேன்.

நான் அப்போது கலியாணப் பெண்களுக்கு மருதோண்டி போட்டுக்கொண்டிருந்தேன். சாய்ந்தமருதிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். கோன் நுனியிலிருந்து வரும் கோடு தலைமயிர் அளவில் இருக்க வேண்டும். பெருவிரலின் அழுத்தம் கொஞ்சம் கூடினால் இலை வீங்கிவிடும், குறைந்தால் கொடி அறுந்துவிடும். மற்றவர்கள் போனைப் பார்த்துப் போடுவார்கள். நான் பெண்ணின் கையைப் பார்த்துப் போடுவேன். பெருமை அடிக்கவில்லை. எனக்கென்று இருந்த ஒரே கெட்டித்தனம் அது.

எனக்கு முப்பது ஆகுமுன்னே விரல்கள் வீங்கத் தொடங்கின. இரண்டு கையிலும் ஒரேமாதிரி, விரல் மூட்டு மொழிகளில். காலையில் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது, மகளின் தலையைப் பின்ன முடியாது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போதுதான் கை என்னுடைய கையாகும். நான் நேரே போனது எங்கே என்று சொல்லவும் வேண்டுமா?

சாச்சி அன்றைக்கு என்ன கறி என்று கேட்கவில்லை. என் விரல்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. பிறகு வழமையான குரலில் எல்லாவற்றையும் சொன்னார். கத்தரிக்காய், தக்காளி, இறால், மாட்டிறைச்சி நாலையும் விடு. உள்ளி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைச் சுடச்சுடத் தேய். நொச்சி இலை அவித்து ஆவி பிடி. பிறகு துணியால் இறுக்கிக் கட்டி, விரலை அசைக்காமல் வை.

“அசைச்சா தேஞ்சி போகும் மகள். வண்டிச் சில்லு தேயிறமாதிரி.”

நான் கட்டினேன். நோன்பு மாதம் முழுக்க வலது கையைக் கட்டி வைத்திருந்தேன். நோன்பு திறக்கிற நேரம் உம்மாதான் பேரீச்சம்பழத்தை என் வாயில் வைப்பார். துணியை அவிழ்க்கிற நாளில் விரல்கள் முன்னையைவிட மோசமாக விறைத்துப் போயிருந்தன. “கட்டினது காணாது, இன்னும் கட்டு” என்றார் சாச்சி.

டிஸ்பென்சரி டொக்டர் ஒருவர் மட்டும் என் கையை அமத்திப் பார்த்துவிட்டு, இது பெரியாஸ்பத்திரி மூட்டு கிளினிக்குக்குப் போக வேண்டிய வருத்தம், நாள் கடத்திச் சுணக்காதீர்கள் என்று சொன்னார். அதையும் சாச்சியிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். சாச்சி கதிரையில் நிமிர்ந்தார்.

“எந்த நாளாம்?” என்றார்.

“வியாழக்கிழமையாம் சாச்சி.”

“போகாத மகள். அங்க குடுக்கிற குளிசை கிட்னியக் கருக்கிப் போடும். தலைமயிர் கொட்டும். ஒருக்காத் தொட்டா மவுத்தாகும் வரைக்கும் விடேலா. நான் உன்ட உம்மா மாதிரிச் சொல்றன்.”

உம்மா மாதிரி என்றார். நான் போகவில்லை. வலி பொறுக்காத நாட்களில் பார்மசியில் ஒரு வலிக் குளிசை வாங்கிப் போட்டுக்கொள்ள மட்டும் சாச்சியின் அனுமதி கிடைத்தது. வலி அடங்கும், வீக்கம் இருந்த இடத்திலேயே இருக்கும். வலி இல்லையென்றால் வருத்தம் இல்லை என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அவருடைய மூத்த மகளின் கலியாணத்துக்கு நான்தான் மருதோண்டி போட்டேன். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். அதனால் மாப்பிள்ளை வீட்டார் சீமெந்துச் சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல வமிசத்தையும் தட்டிப் பார்ப்பார்கள். நான் பெண்ணின் கையில் கொடி வளைத்துக்கொண்டிருக்கையில், மாப்பிள்ளையின் உம்மா சாச்சியிடம் மெல்லக் கேட்டார், குடும்பத்தில் நீரிழிவு, இழுப்பு, வாதம் இப்படி ஏதும் உண்டா என்று.

“அல்ஹம்துலில்லாஹ், எங்கட வமிசத்துல ஒரு தலையிடிகூட இல்ல மதினி” என்றார் சாச்சி.

பெண்ணின் தாய்க்கும் உள்ளங்கையில் ஒரு பொட்டாவது வைப்பது முறை. நான் கோனை எடுத்துக்கொண்டு போனேன். சாச்சி கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். “வேணாம் புள்ள, மருதோண்டி குளிர்ச்சி. வாதத்தக் கொண்டுவந்திரும்.” நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ஊரில் உள்ள கைகளையெல்லாம் பிடித்துப் பார்த்தவள் நான், ஒரு மதில் தூரத்தில் இருந்த கையைப் பார்க்கவில்லை. அன்றைக்குக் கடைசி விரலில் என் பெருவிரல் வழுக்கிக் கோடு சிதறியது. அதை ஒரு இலையாக மாற்றி மறைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் பெரிய வேலை எதையும் பொறுப்பெடுக்கவில்லை.

கட்டாரிலிருந்து என் மாப்பிள்ளை, மகளின் வாப்பா, வீடியோ அழைப்பில் என் கையைக் கண்ட நாளில் சண்டை பிடித்தார். “சாச்சி டொக்டருக்குப் படிச்சவவா? நீ போறியா, இல்ல நான் டிக்கட் போட்டுட்டு வரவா?” அந்தச் சண்டைக்குப் பயந்துதான் போனேன். அப்போதும் சாச்சிக்குச் சொல்லாமல் போனேன், அவர் மனம் நோகக் கூடாதென்று. இதை நினைக்கும்போது இப்போதும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வருகிறது.

கிளினிக் டொக்டர் ஒரு இளம் பெண். ஒவ்வொரு மொழியாக அமத்தினார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எவ்வளவு காலமா இப்படி?”

“மூணு வருசத்துக்கு மேல.”

அவர் எக்ஸ்ரேயை மேசையில் வைத்தார். பிறகு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். எல்லா மூட்டு வருத்தமும் ஒன்றில்லை. இது தேய்மானம் இல்லை, முடக்குவாதம். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே வழிமாறிப் போய் மூட்டைத் தாக்குகிறது. வாலிப வயதிலும் வரும், ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் கூடுதலாக வரும். மருந்தால் அதை அடக்கலாம், ஆனால் தொடக்கத்திலேயே அடக்க வேண்டும். கோணிப்போன விரல் மருந்தால் திரும்பி நேராகாது.

“குளிர்ல வந்ததா டொக்டர்? நான் கத்தரிக்காய்கூடத் தொடல்லையே.”

“கத்தரிக்காய் என்ன பாவம் செய்தது?” என்றார் அவர். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

மருந்து எடுக்கும் இடத்தில் ஆட்கள் உட்கார வரிசையாக வாங்குகள். அங்கே நின்ற நேர்ஸ் ஒருவர், நான் புதுசு என்று கண்டு, “பயப்படாதீங்க. அந்தா, அவங்களப் பாருங்க. பத்து வருசத்துக்கு மேல இதே மருந்துதான். ஒரு மாசம் தவறவிட்டதில்ல. நடையப் பார்த்தா வருத்தக்காரி எண்டு ஆரும் சொல்லுவாங்களா?” என்று கையைக் காட்டினார்.

கடைசி வாங்கில் சாச்சி. கறுப்புக் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அந்தக் கைகளை முழுசாக நான் கண்டது அன்றைக்குத்தான். இரண்டு சின்ன விரல்களும் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தன. மற்ற விரல்கள் நேராக, நல்லாக இருந்தன. என்னுடையதைவிட எவ்வளவோ நல்லாக.

நான் கிட்டப் போனேன். அவர் திடுக்கிடவும் இல்லை, எழும்பவும் இல்லை.

“நீ என்னக் காணல்ல மகள்” என்றார்.

“எத்தின வருசம் சாச்சி?”

“கலியாணம் முடிக்காத குமர் ஒண்டு இன்னும் இரிக்கு வீட்டில. தாய்க்கு இந்த வருத்தமெண்டா மகளுக்கும் வருமெண்டு சொல்லுவாங்க. பிறகு ஆரு வந்து கேட்பான்?”

“அத ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்குச் சொல்லியிருக்கலாமே. என்ட கை போகுது எண்டு உங்களுக்குத் தெரியும்தானே.”

அவர் கையுறையை ஒவ்வொரு விரலாகப் போட்டுக்கொண்டார். “உனக்குச் சொன்னா நீ இங்க வருவ. இங்க வந்தா என்னக் காணுவ.”

அவ்வளவுதான். ஒரு கண்ணீர், ஒரு மன்னிப்பு, ஒன்றும் இல்லை. கடையில் சாமான் இல்லை என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்கு அவரை அந்த வாங்கிலேயே வைத்து நாக்கைப் பிடுங்குகிறமாதிரி நாலு கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்க முடியவில்லை. ஏறாவூர்த் தங்கச்சி, பேணுதல், கத்தரிக்காய், கிட்னி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கி முடியவே எனக்கு நேரம் போதவில்லை.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் அதையும் கேட்டேன். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வருமா? குடும்பத்தில் இருந்தால் வாய்ப்புக் கொஞ்சம் கூடும், ஆனால் வந்தே தீரும் என்று இல்லை, அனேகமான பிள்ளைகளுக்கு வருவதில்லை என்றார். ஆக, என் விரல்களைக் கொடுத்து அவர் காத்த இரகசியமே அரைகுறைப் பயம்.

ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. அந்தக் குமர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. நான் மருந்தை ஒழுங்காக எடுத்தேன். வீக்கம் வற்றியது, காலை விறைப்புப் போனது, மகளின் தலையைத் திரும்பவும் பின்னினேன். சாய்ந்த விரல்கள் சாய்ந்தபடியே நின்றன. கோன் அவற்றுக்குள் நிற்கவில்லை.

இதற்குப் பிறகு சாச்சி திருந்தியிருப்பார் என்று நீங்கள் நினைத்தால், சாச்சியை நான் சரியாகச் சொல்லவில்லை என்று அர்த்தம். எங்கள் தெருவில், மவுத்தானவர் பேரில் குர்ஆன் ஓதும் ஒரு கத்தம் வீட்டில் பெண்கள் கூடியிருந்தோம். பின்தெருவில் புதிதாகக் கலியாணம் முடித்த பிள்ளை ஒருத்தி, சாச்சிக்குப் பக்கத்தில் இருந்து கைகளை நீட்டினாள். எனக்கு அந்த வீக்கம் தூரத்திலேயே தெரிந்தது.

“நேத்து என்ன கறி?” என்றார் சாச்சி. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. “கறியில ஒண்டுமில்ல புள்ள. கிளினிக்குக்குப் போ. நானும் போறன், மருந்து குடிக்கிறன்” என்றேன்.

அப்போது சாச்சி எட்டி என் வலது கையைப் பிடித்தார். என் கையை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் கையுறையோடு. எல்லோருக்கும் தெரிகிறமாதிரித் தூக்கிக் காட்டினார்.

“பாருங்ககா புள்ளயள். இங்கிலீசு மருந்து குடிச்சு இந்தப் புள்ளட விரல் கோணியிரிக்கிற கோலத்த.”

சபை முழுக்க “அல்லாஹ்வே” என்றது. ஒரே ஒரு வார்த்தை போதும். அந்தக் கையுறையைப் பிடித்து இழுத்தாலே போதும். அந்த நேரம் பார்த்து அவருடைய இளைய மகள் தேத்தண்ணித் தட்டோடு எனக்கு முன்னால் வந்து குனிந்தாள். “எடுங்க ராத்தா” என்றாள். நான் கோப்பையை எடுத்தேன். குடிக்காமலே அதைக் கீழே வைத்தேன். என் கையைக் கெடுத்தவர், கெட்ட கையையே எனக்கு எதிராகச் சாட்சிக்கு நிறுத்திவிட்டார்.

அந்தப் பிள்ளை கிளினிக்குக்கு வரவில்லை. வழியில் கண்டு கேட்டேன். “உங்கட விரல நினைச்சாப் பயமா இரிக்கு ராத்தா” என்றாள். விரலில் துணி சுற்றியிருந்தாள், எண்ணெய் ஊறிய துணி.

அன்று பின்னேரமே அவள் வீட்டுக்குப் போனேன். அவளுடைய உம்மாவும் இருந்தார். “என்ட விரல் மருந்தால கோணல்ல, மருந்து எடுக்காமத்தான் கோணினது. நீங்க என்ன நம்ப வேணாம். ஒரு வியாழக்கிழமை என்னோட வாங்க. மருந்து எடுக்க வேணாம், டொக்டரப் பார்க்கவும் வேணாம். அங்க வந்து இரிக்கிற ஆக்களப் பார்த்துட்டு வாங்க” என்றேன். யாருடைய பெயரையும் சொல்லவில்லை. எந்த வியாழக்கிழமை என்பதை மட்டும் நான் பார்த்துத் தெரிந்தெடுத்தேன்.

அவர்கள் வந்தார்கள். கடைசி வாங்கில் சாச்சி இருந்தார், கையுறை மடியில்.

“சாச்சி! நீங்களா?” என்று அந்தப் பிள்ளை நடுவழியில் நின்றுவிட்டாள்.

சாச்சி என்னைப் பார்த்தார். கையுறையை எடுத்தார், திரும்பவும் மடியில் வைத்தார். பிறகு தள்ளி இருந்து இடம் விட்டார், அந்தப் பிள்ளைக்கு.

“இரி மகள். அந்தத் துணிய அவிழ். கட்டி வைக்காத, விறைச்சிப் போகும். காலைல இளஞ்சூட்டுத் தண்ணிக்குள்ள கைய வச்சி மெல்ல மெல்ல மடக்கி நீட்டு” என்றார். குரல் புதுசாக இருந்தது. குசினி வாசலில் கேட்காத குரல். “என்ட குளிசை கிழமைக்கு ஒருக்காத்தான். உனக்கும் அதத் தந்தா ஒவ்வொரு நாளும் போட்டுராத, ஆபத்து. இரத்தம் சோதிக்கச் சொல்ற நாள விட்டுராத. அதுலதான் ஈரல், கிட்னி எல்லாம் நல்லா இரிக்கா எண்டு பார்க்கிற. புதுசாக் கலியாணம் முடிச்ச புள்ள நீ. பிள்ளைக்கு யோசிக்கிறண்டா முதல்ல டொக்டரிட்டச் சொல்லு, அதுக்கு வேற மருந்து இரிக்கு.”

“கத்தரிக்காய் சாச்சி?”

“தின்னுகா. ஏறாவூர்ல தங்கச்சி ஆக்கித் தருவா, நான் தின்னுறதானே.”

நான் அவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வாங்கில் எனக்கு இடம் இல்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எது உண்மை என்று சொல்லுக்குச் சொல் தெரிந்திருந்தது. என் கையை நோன்பு மாதம் முழுக்கக் கட்டி வைத்தபோதும் தெரிந்திருந்தது. நாலைந்து வசனங்கள்தான். நான் முதல்முதலாக அவருடைய கேட்டைத் திறந்த காலையில் அதைச் சொல்லியிருந்தால், இன்றைக்கும் ஏதோ ஒரு கலியாண வீட்டில் கொடி வளைத்துக்கொண்டிருப்பேன்.

பிறகு இளைய மகளுக்கும் கலியாணம் நடந்தது. வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு சாச்சி ஏறாவூரோடு போய்விட்டார். எனக்குச் சொல்லிக்கொண்டு போகவில்லை. பின்தெருப் பிள்ளையும் உம்மாவும் அந்த இரகசியத்தைக் காத்தார்கள், அவர்களுக்கும் ஒரு மாப்பிள்ளை வீடு இருக்கிறதல்லவா. நானும் காத்தேன். அதனால்தான் பெயர் எழுதவில்லை, சாச்சியின் இரண்டு மகள்மாருக்காக.

அன்றைக்குக் கிளினிக்கிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை என் பக்கத்து சீற்றில் இருந்தாள். துணி அவிழ்ந்த விரல்களை மடக்கி, நீட்டி, மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். நேரான விரல்கள். காலத்தோடு வந்துவிட்டாள், மருந்தை ஒழுங்காக எடுத்தால் ஒன்றும் ஆகாது என்று, அன்றைக்கே அவளைப் பார்த்த டொக்டர் சொல்லியிருந்தார்.

“சாச்சி எவ்வளவு நல்ல மனிசி ராத்தா” என்றாள். “ஒண்டையும் மறைக்காம எல்லாம் சொல்லித் தந்தா.”

“ஓம்” என்றேன். “உனக்கு நல்ல மனிசிதான்.”